ஒருவர் கூடுதல்

என் அக்காவின் கணவரை லாரி ஓட்ட வைத்துக்கொண்டது நான் செய்த தர்மம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். உண்மை என்னவென்றால், அக்கா கேட்டாள். அக்கா கேட்டால் எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. என்னைவிட ரொம்ப மூத்தவள், என் மூக்கைத் துடைத்து வளர்த்தவள். இன்றைக்கும் நான் எதிர்த்துப் பேசினால் அவள் முதலில் பார்ப்பது என் மூக்கைத்தான்.

ஆக, லாரிக்கு முதலாளி நான், ஓட்டுவது மாமா. சம்பளம் கொடுக்கிறவன் 'வாங்க மாமா, போங்க மாமா' என்று பணிவாகப் பேச வேண்டும். சம்பளம் வாங்குகிறவர் 'என்ன மாப்ள, டயர்ல காத்து பாத்தியா இல்லயா?' என்று அதட்டுவார். கிளீனர் வைத்தால் அவனுக்கும் அழ வேண்டும் என்று அந்த வேலையையும் நானே பார்க்கிறேன். லாரி பின்னால் போகும்போது கூடவே ஓடி 'வரலாம், வரலாம், ஒடிச்சு வாங்க' என்று தொண்டை கிழியக் கத்துகிறவன்தான் அதன் முதலாளி என்று சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை.

மாமா பரோலில் இருக்கிறார். ஒரு லோடு செம்புக் கம்பி விவகாரம். யாருடையது என்று கேட்காமல் ஏற்றினார், எங்கே போகிறது என்று கேட்காமல் ஓட்டினார். நீதிபதி மட்டும் எல்லாவற்றையும் கேட்டார். சில வருடங்கள் உள்ளே இருந்தபின், மீதித் தண்டனையை வெளியே கழிக்கலாம் என்று நிபந்தனைகளோடு அனுப்பிவைத்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் மாலை ஐந்து மணிக்குள் பரோல் அதிகாரியின் முன்னால் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். கைதிகளோடு பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது. மீறினால் மறுபடியும் உள்ளேதான்.

கேட்காததால் மாட்டிக்கொண்ட மனிதர் இப்போது கேட்டே எங்களைக் கொல்கிறார். ஒரு பல் மருத்துவர் இடம் மாறியபோது நாங்கள்தான் சாமான் ஏற்றினோம்.

"இந்தப் பெட்டியில என்ன டாக்டர்?"

"பல்லுப்பா."

"யாரோட பல்லு?"

"பேஷன்டுங்களோடது. மாவுல எடுத்த அச்சு."

"எடுத்துட்டுப் போறது அவங்களுக்குத் தெரியுமா?"

பெட்டியைத் திறந்து அத்தனை பல்வரிசையையும் பார்த்த பிறகுதான் வண்டியைக் கிளப்பினார். அன்று வெள்ளிக்கிழமை. கையெழுத்துக்குத் தாமதமாகிவிட்டது. அது இரண்டாவது எச்சரிக்கை.

முதல் எச்சரிக்கை இதைவிட மோசம். அன்றைக்கு நேரத்துக்கு முன்பே போய்விட்டார். அதிகாரியின் அறைக்கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. ஆனால் உள்ளே இருந்த காலத்தில் மாமா ஒரு கதவையும் தானாகத் திறந்தவரில்லை. யாராவது வந்து திறப்பார்கள், இவர் நுழைவார். அந்தப் பழக்கத்தில் கதவைப் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்திருக்கிறார். வேலை முடிந்து வீட்டுக்குப் போக அதிகாரி அம்மா கதவைத் திறந்தால், எதிரே இவர் 'வணக்கம் மேடம்' என்கிறார்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா என் கையில ஒண்ணுமில்ல. நேரா உள்ளதான்" என்று அதிகாரி சொல்லிவிட்டார். அதைக் கேட்டு வந்த அன்று அக்கா சாப்பிடவில்லை. அவள் சாப்பிடாததைப் பார்த்து எனக்கும் இறங்கவில்லை.

கதவு மாதிரியே மணியும். எங்கள் தெருக்கோடியில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அங்கே மணி அடித்தால் போதும், மாமா தட்டைக் கீழே வைத்துவிட்டு வாசல் பக்கம் போய் விறைப்பாக நிற்பார். அக்கா பின்னாலேயே போய் அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டி ஏதோ முணுமுணுப்பாள். உடனே திரும்பி வந்து சாப்பிட உட்காருவார். கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்து என்ன கொஞ்சல் வேண்டிக்கிடக்கிறது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் மனைவி என்னை ஒருநாளாவது அப்படித் தட்டியிருப்பாளா? எனக்குப் புத்தி என்று ஒன்று இருந்திருந்தால் எரிச்சல்படுவதை விட்டுவிட்டு அந்த மணியைப் பற்றி யோசித்திருப்பேன்.

யோசிக்கவில்லை. அதனால்தான் மாமா இருந்த அதே சிறைக்கு மெத்தை கொண்டுபோகும் லோடு கிடைத்தபோது இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். மாதாமாதம் வரக்கூடிய நல்ல லோடு. மாமா மட்டும், "வேணாம் மாப்ள, வேலியில போற ஓணான எடுத்து மடியில விட்டுக்காத" என்றார். வேறு டிரைவருக்கு யார் சம்பளம் கொடுப்பது? நானே பரோல் அதிகாரியிடம் போய்க் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கினேன்.

"சரி. ஆனா வண்டிய விட்டு இறங்கக் கூடாது. அவர் கால் அங்க தரையில படக் கூடாது" என்றார் அதிகாரி.

"இறங்க மாட்டார் மேடம், நான் பொறுப்பு" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டேன்.

முதல் லோடு ஒரு வெள்ளிக்கிழமை அமைந்தது. மதியத்துக்கு மேல் போய்ச் சேர்ந்தோம். வாசலில் கைப்பேசிகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வாசல் காவலர் மாமாவைப் பார்த்து, "என்னய்யா, அதுக்குள்ள திரும்பிட்டியா?" என்று சிரித்தார். "லோடு சார், லோடு" என்றார் மாமா அவசரமாக. எங்களுக்குப் பின்னால் பெரிய கதவு சாத்திக்கொண்டபோது அவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துவிட்டன. எனக்கும் உள்ளூரப் பயம்தான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

முற்றத்தின் ஓரத்தில் வண்டியை நிறுத்தினோம். கைதிகள் வந்து மெத்தை இறக்கினார்கள். "அண்ணே! நம்ம அண்ணன்டா!" என்று ஒருவன் கையாட்டினான். மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டு, நேராகச் சாலையைப் பார்ப்பது போல எதிர்ச்சுவரைப் பார்த்தார். நின்ற வண்டியை வெகு கவனமாக ஓட்டிக்கொண்டிருந்தார். எனக்கு நிம்மதியாகிவிட்டது. கையெழுத்து வாங்க ஸ்டோருக்குப் போனேன்.

ஸ்டோர் கீப்பர் ஒவ்வொரு மெத்தையிலும் உட்கார்ந்து பார்த்தார். சந்தேகம் வந்ததில் படுத்தும் பார்த்தார். அவர் ஒன்றில் கண்ணை மூடிக்கொண்டிருந்தபோது வெளியே மணி அடித்தது.

"கைதிங்க எண்ணிக்கை. தினமும் உண்டு, அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிரும்" என்றார் கண்ணைத் திறக்காமலே.

முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் முற்றத்தில் யாரோ கத்துவது கேட்டது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். ஒல்லியான மனிதர், கோபம் மட்டும் கனம். அவர்தான் ஜெயிலர். அவர் முன்னால் வயதான வார்டர் ஒருவர் தும்மிக்கொண்டு நின்றார். அங்கே எல்லாருமே அவரைத் தும்மல் வார்டர் என்றுதான் சொல்வார்களாம்.

"ஒருத்தர் கூடுதலா? எப்படிய்யா கூடும்?"

"ரெண்டு வாட்டி தோளத் தட்டி எண்ணினேன் சார்."

"குறைஞ்சா சைரன் அடிக்கலாம். கூடினா என்னத்தய்யா அடிக்கிறது? தும்மினப்ப ஒருத்தன ரெண்டா எண்ணியிருப்ப. மறுபடி அடி மணிய!"

வேடிக்கை பார்க்க ஸ்டோர் வாசலுக்கு வந்தேன். மணி அடித்தது. கைதிகள் ஓடிவந்து வரிசையில் நின்றார்கள். எங்கள் லாரியின் கதவு திறந்தது. மாமா இறங்கினார். அவசரமில்லாமல் நடந்து கடைசி வரிசையின் ஓரத்தில் போய், கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு நேராக நின்றார். தும்மல் வார்டர் தட்டிக்கொண்டே வந்து அவர் தோளிலும் ஒன்று தட்டிவிட்டுப் போனார். எண்ணி முடிந்ததும் மாமா போனது போலவே நடந்து வந்து வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

 ஒரே ஓட்டமாக ஓடி வண்டியில் ஏறினேன்.

"மாமா, கீழ எறங்கினீங்களா?"

"நான் எதுக்கு எறங்கறேன்? அந்த அம்மா படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கு."

"இப்பத்தான் வரிசையில பாத்தேன்!"

அவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். இரண்டிலும் முற்றத்துச் செம்மண் அப்பியிருந்தது. முகம் செத்துப்போய்விட்டது.

"அய்யய்யோ மாப்ள. எனக்குத் தெரியவே இல்லயே."

பேச நேரமில்லை. மூன்றாவது முறையாக மணி அடித்தது. மாமாவின் கை தானாகக் கதவுப் பிடிக்குப் போனது. நான் வேறு என்ன செய்வேன்? பாய்ந்து அவர் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். என் முதுகு பட்டு ஹாரன் அலறியது. எனக்குக் கீழே அவர் கால்கள் கட்டிப்போட்ட ஆட்டுக்குட்டி மாதிரி உதைத்தன. டிரைவர் மடியில் உட்கார்ந்து ஹாரன் அடிக்கிற முதலாளியை அத்தனை கைதிகளும் பார்த்தார்கள். மானம் போனால் போகட்டும், எண்ணிக்கை சரியாக வந்துவிட்டது.

அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் ஜெயிலர் நெற்றியைச் சுருக்கினார்.

"முதல்ல கூடுதல். ரெண்டாவதும் கூடுதல். இப்ப சரியா இருக்கு. அப்ப அந்த ஒருத்தன் எங்கய்யா?"

வார்டர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தப்பிச்சுட்டான் சார்!" என்றார் ஒருவர்.

சைரன் ஊளையிட்டது. எல்லாக் கதவும் மூடப்பட்டன. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. தப்பித்தவன் பெயர் யாருக்கும் தெரியாது. உள்ளே இருக்க வேண்டிய எல்லாக் கைதிகளும் உள்ளேதான் இருந்தார்கள். ஆனாலும் ஒருவனை விரட்டிப் பிடிக்க ஆள் ஆளாய் ஓடினார்கள். தண்ணீர்த் தொட்டிக்குள் கழி விட்டுக் கலக்கினார்கள். சமையல் அண்டாக்களைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். நான் கொண்டுவந்த புது மெத்தைகளைக் கம்பியால் குத்தினார்கள். ஸ்டோர் கீப்பர் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தபடியால் அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. "ஆள் நல்ல உயரம் சார், தாடி வச்சிருந்தான்" என்று ஒரு வார்டர் அடையாளமே சொன்னார்.

முற்றத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். உடனே கிளம்பினால் ஐந்து மணிக்குள் கையெழுத்துக்குப் போய்விடலாம். ஆனால் ஆள் கிடைக்கும்வரை ஈ எறும்பு வெளியே போகக் கூடாது என்று உத்தரவு. கிடைக்க வேண்டிய ஆளோ என் பக்கத்தில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தார். சொன்னால், வண்டியை விட்டு இறங்கிய குற்றத்துக்கு உள்ளே. சொல்லாவிட்டால், கையெழுத்துப் போடாத குற்றத்துக்கு உள்ளே. சிறைக்குள் மாட்டிக்கொண்டதற்காகச் சிறைக்குப் போகப் பார்த்த மனிதர் என் மாமாவாகத்தான் இருக்கும்.

"வாயத் திறக்காதீங்க மாமா. தேடி அலுத்துப் போய் அவங்களே விட்டுருவாங்க" என்றேன்.

அவர் வெளியே பார்த்தார். கைதிகள் வெயிலில் வரிசையாக நின்றார்கள். அந்த ஒருவன் கிடைக்கும்வரை அவர்களுக்குச் சாப்பாடு கிடையாது. அந்தப் பக்கம் ஜெயிலர், தும்மல் வார்டரைத் தன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். "எண்ணத் தெரியாதவனுக்கு எதுக்குய்யா காக்கி? கழட்டி வச்சிட்டுப் போ!" என்பது முற்றம் முழுக்கக் கேட்டது.

"அவர் எண்ணினது சரிதான் மாப்ள" என்றார் மாமா.

"அதுக்கு?"

"அன்னைக்கு வாயத் திறந்து ஒரு வார்த்தை கேக்காம உள்ள வந்தேன். இன்னைக்கு வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லாம வெளிய போகச் சொல்றியா?"

"அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அந்தக் கேள்வியில் அவர் தடுமாறியது எனக்குத் தெரிந்தது. கண் கலங்கிவிட்டது. இருந்தும் இறங்கினார். இந்த முறை மணி எதுவும் அடிக்கவில்லை. தவளை தன் வாயால் கெடும் என்று திட்டிக்கொண்டே பின்னால் ஓடினேன். ஜெயிலர் அறைக்கதவு சாத்தியிருந்தது. மாமா அதன் முன்னால் போய் நின்றார். 'நில்லுங்க, நில்லுங்க, அப்படியே நில்லுங்க' என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். அவர் கையை நீட்டி, கதவைத் தானே தள்ளித் திறந்தார்.

"சார், அந்த ஒருத்தன் நான்தான்."

ஜெயிலர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீ லாரி டிரைவர்தானே?"

தும்மல் வார்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "டிரைவரா? சார், இவன் நம்ம ஆளுதானே? கடைசி வரிசை, ஓரம்" என்றார்.

"இவன் வெளிய போய் எத்தனை மாசம் ஆச்சு, தெரியுமாய்யா உனக்கு?"

"அப்படியா? அதான் சார், அங்க நின்னப்ப எனக்கு வித்தியாசமாவே தெரியல."

மணி அடித்தால் கால் தானாக வரிசைக்குப் போய்விடுகிறது என்று மாமா சொன்னதை ஜெயிலர் நம்பவில்லை. தாடிக்காரனைத் தப்பவிட்டுவிட்டு ஏதோ நாடகம் ஆடுகிறோம் என்று நினைத்தார். கடைசியில் சோதித்தே பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று. மாமாவை முற்றத்துத் தூண் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். "என்ன ஆனாலும் விடாதே" என்றார் ஜெயிலர். மாமா பல்லைக் கடித்துக்கொண்டு தூணை இறுக்கினார். மணி அடித்தது. முதலில் ஒரு கை கழன்றது, பிறகு இன்னொன்று. கால்கள் அவரைக் கடைசி வரிசை ஓரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தின. கைதிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஜெயிலரும் சிரித்துவிட்டு, உடனே பல்லை மறைத்துக்கொண்டார். தும்மல் வார்டர் மட்டும் சிரிக்காமல் தோள் தோளாகத் தட்டி எண்ணி வந்தார்.

"ஒருத்தர் கூடுதல் சார்" என்றார். அவ்வளவு பெருமையாக ஒரு மனிதர் தப்புக் கணக்கைச் சொல்லி நான் கேட்டதில்லை.

கைதிகளைச் சாப்பிட அனுப்பினார்கள். கடிகாரத்தில் ஐந்து தாண்டியிருந்தது. ஜெயிலர் பரோல் அதிகாரிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னார்.  அவர், "அங்கயே இருக்கட்டும். நான் வரேன்" என்று வைத்துவிட்டாராம்.

மாமாவும் நானும் லாரியின் படியில் உட்கார்ந்திருந்தோம். இனிக் கால் தரையில் பட்டால் என்ன, படாவிட்டால் என்ன. "வண்டி இடது பக்கம் இழுக்குது மாப்ள, வேற டிரைவர் வந்தா சொல்லிரு" என்றார்.  இத்தனை நாள் இவரைச் சுமை என்று புலம்பியதெல்லாம் சும்மா. இந்த மனிதர் இல்லாமல் அந்த வண்டியில் ஏற எனக்குப் பிடிக்காது என்று அப்போதுதான் தெரிந்தது.

அதிகாரி ஸ்கூட்டரில் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே மாமா முன்னால் நின்றார்.

"ஏன் இறங்கினீங்க?"

"மணி அடிச்சாங்க மேடம்."

"நாளைக்கு அடிச்சா?"

மாமா யோசித்தார். "நிப்பேன்னுதான் தோணுது மேடம். பொய் சொல்ல வரல."

நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். அதிகாரி ஜெயிலர் பக்கம் திரும்பினார்.

"இவர் வாயைத் திறக்காம இருந்திருந்தா?"

"இன்னும் தாடிக்காரனைத் தேடிக்கிட்டிருப்போம் மேடம்."

"அஞ்சு மணிக்கு இவர் எங்க இருந்தார்?"

"இங்கதான். வரிசையில."

"யார் பார்த்தது?"

"எல்லாருமேதான். எண்ணியே பார்த்தோம்."

"என் பொறுப்புல இருக்கிறவங்க அஞ்சு மணிக்கு எங்க இருக்காங்கன்னு எனக்கு முழுசாத் தெரியறதே இல்ல" என்றார் அதிகாரி. "இன்னைக்கு ஒருத்தர் இருந்த இடத்துக்கு ஒரு ஜெயிலே சாட்சி சொல்லுது. இதுக்கு மேல இன்னைக்குக் கையெழுத்து எதுக்கு? இறங்கினத அவரே வந்து சொல்லிட்டார், அத நான் எழுதல."

அப்போதும் முகத்தில் சிரிப்பே இல்லை. என்னைப் பார்த்தார். "கூட்டிட்டு வந்தது நீங்க. இனிமே இந்த லோடு உங்களுக்குக் கிடையாது."

மாதாமாதம் வரக்கூடிய லோடு. வாய்வரை வந்த வார்த்தையை விழுங்கினேன். "வேண்டவே வேண்டாம் மேடம்" என்றேன். என் வாழ்க்கையில் பணம் வரும் வழியை நானே அடைத்தது அன்றைக்குத்தான்.

வீட்டுக்குப் போகும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. வாசல்கதவு விரியத் திறந்திருந்தது. மாமா கையெழுத்துப் போடப் போகிற நாளில் அக்கா கதவைச் சாத்துவதே இல்லை. எங்கள் முகங்களைப் பார்த்தாள். மாமா வாசலில் போய், திறந்திருந்த கதவு முன்னால் நிமிர்ந்து நின்றார். அக்கா அவர் தோளில் தட்டினாள். நான் பக்கத்திலேயே நின்றதால் அவள் முணுமுணுப்பது அன்று காதில் விழுந்தது.

"ஒண்ணு."

கொஞ்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. மாதக்கணக்காக அவள் அவரை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். எண்ணினால்தான் அவருக்குச் சோறு இறங்குகிறது என்பதைக் கண்டுபிடித்து, யாரிடமும் சொல்லாமல், வேளாவேளைக்கு எண்ணியிருக்கிறாள். மாமா தளர்ந்து உள்ளே போனார்.

நான் அங்கேயே நின்றேன். அக்கா என் தோளிலும் ஒரு தட்டுத் தட்டினாள்.

"ரெண்டு. கணக்கு சரி, உள்ள வா" என்றவள், என் முகத்தை நிமிர்த்தி மூக்கைப் பார்த்தாள். "மொதல்ல அதத் தொடைடா."